ஆட்டுக்கால் சூப்பும் கொள்ளுத் தண்ணீரும்

ஆட்டுக்கால் சூப்பைப் புகழ்ந்து பேசிப் பேசியே எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. இன்று அதே வாயால் சொல்கிறேன்: ஆட்டுக்காலை நினைத்தாலே குமட்டுகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வந்து படிக்கலாம்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மிச்சத்தையெல்லாம் என் எதிரே வந்து உட்காருகிற ஜனங்கள் சொல்லிக் கொடுத்தார்கள். பட்டா மாற்ற வருகிறவர் பட்டாவைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினால் பழமொழி மூன்று பேசுவார். மனுவில் பழமொழிக்கு இடம் கிடையாது, அதனால் அவற்றை என் மண்டையில் வைத்துக்கொள்வேன். யாராவது இருமினாலோ இடுப்பைப் பிடித்தாலோ போதும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை சூப்பைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். செங்கம் ரோட்டுக் கடைகளில் பரங்கிக்காயை அரைத்து, மேலே பாலேட்டைச் சுழித்து வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறார்களே, அதெல்லாம் சூப்பா என்று கேட்பேன். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, உதடு ஒட்டுகிற பதத்தில் என் மனைவி வைக்கும் ஆட்டுக்கால் சூப்புதான் சூப்பு என்பேன். கேட்கிறவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். மனு கொஞ்சம் தாமதமாகும்.

போன வருஷம் மனைவி குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் பெண் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். வந்து ஒரு வாரம் இருந்துவிட்டு, பிள்ளைக்குப் பரீட்சை என்று போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாத்திரை அவளுக்கு வாயைக் கசப்பாக்கிவிட்டது. நான் வடித்த சோறு ஒரு நாள் களியாக இருக்கும், ஒரு நாள் வேகாத அரிசியாக இருக்கும். இரண்டு கவளம் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்க ஆரம்பித்தது.

மூன்றாவது வாரம் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். எலும்பு ஒட்ட ஆரம்பித்த மாதிரியே தெரியவில்லை, ரத்தமும் கம்மி, ஆள் சாப்பிடுவதே இல்லையா என்று என்னைக் கேட்டார். அடுத்த படத்திலும் இப்படியே இருந்தால் காலைத் திறந்து தகடு வைக்க வேண்டும் என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது அவள் என்னை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். வீட்டு வாசல் வந்த பிறகும் விடவில்லை. கத்தி என்றால் அவளுக்கு அவ்வளவு பயம்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா குழம்புக் கிண்ணத்தோடு வந்தார். எங்கள் தெருவில் எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரு வசனம் உண்டு.

"காலுக்குக் காலுதான் தம்பி மருந்து. ஆட்டுக்கால் வாங்கியாந்து சூப்பு வச்சிக் குடு. எலும்பு ஒட்டலைன்னா என்னை வந்து கேளு."

எனக்குப் பழமொழி மாதிரி யாராவது பேசிவிட்டால் போதும், அரசாங்க உத்தரவு மாதிரி. இத்தனை நாளாக இது நமக்குத் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். உள்ளே படுத்திருந்தவள் ஏதோ சொன்னாள். என் காதில் விழவில்லை. விழவில்லை என்பதை விட, நான் காது கொடுக்கவில்லை என்று எழுதுவதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் நின்றேன். கடைக்காரர் கேஸ் துப்பாக்கியால் காலை வாட்டி முடியை எடுத்துத் தருவார். ஆனால் எங்கள் வீட்டில் அது கூடாது. கேஸில் வாட்டினால் சூப்பில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் என்று கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம். அதனால் முடியோடு வாங்கிவந்து கொல்லைப்புறத்தில் விறகு மூட்டி வாட்ட வேண்டும். கடைக்காரருக்கு என் சட்டம் தெரியும். வீட்டில் மனைவி படுத்திருப்பதும் தெரியும்.

"யாருண்ணே வாட்டறது, நீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "கேக்குற வாய்க்கு என்னாண்ணே, எதுனா கேக்கும்."

நல்ல வசனம் என்று மனசில் குறித்துக்கொண்டேன். எனக்குத்தான் சொன்னார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பையிலிருந்து நான்கு கால்களையும் எடுத்து வெளியே வைத்தேன். முப்பது வருஷமாகக் கிண்ணத்தில் மிதக்கப் பார்த்த பொருளை அன்றுதான் தரையில் பார்க்கிறேன். முட்டி வரைக்கும் கறுப்பு முடி. குளம்பு இடுக்கில் புழுக்கையும் மண்ணும் அப்பிக் காய்ந்திருந்தது. வெட்டிய முனையில் ரத்தம் உறைந்து ஈ மொய்த்தது. நேற்று வரைக்கும் இந்தக் காலில்தான் ஒரு ஆடு எங்கெங்கோ மிதித்து நடந்திருக்கிறது என்று எண்ணம் போனது. அந்த எண்ணம் போயிருக்கக் கூடாது.

நெருப்பில் காட்டியதும் முடி சுருண்டு பொசுங்கி ஒரு நாற்றம் கிளம்பியது. அது மூக்கில் மட்டும் ஏறுகிற நாற்றம் அல்ல. நாக்கில் வந்து உட்கார்ந்தது. எச்சிலை விழுங்கினால் அதுவும் சேர்ந்து உள்ளே போனது. கண்ணில் தண்ணீர் வழிய, கத்தியால் சுரண்டினேன். கரியும் மஞ்சள் கொழுப்பும் கலந்து மை மாதிரி வழுக்கி, மணிக்கட்டு வரைக்கும் ஒழுகியது. குளம்பைச் சூட்டோடு கல்லில் தட்டினால் கழன்று வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தட்டினேன். அது தெறித்துப் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் விழுந்தது. உள்ளே இருந்தது வெள்ளையாக, குழந்தையின் கட்டைவிரல் மாதிரி. அப்போதுதான் காலையில் தின்ற இட்லி தொண்டை வரைக்கும் வந்து என்னை விசாரித்துவிட்டுப் போனது.

இரண்டு குளம்புக்கும் நடுவே ஒரு பிளவு. அதற்குள் முடியும், பிசின் மாதிரி ஏதோ ஒன்றும் இருந்தது. கொழுப்புதான் போலிருக்கிறது, இதுதான் உதடு ஒட்டுகிற சத்து என்று நினைத்து அப்படியே விட்டேன். மஞ்சள் தடவிக் கழுவி, குக்கரில் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் எல்லாம் தட்டிச் சேர்த்தேன். எட்டு விசில் விட்டேன்.

குக்கரைத் திறந்ததும் வந்தது சூப் வாசனை இல்லை. மழையில் நனைந்த ஆட்டுப்பட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்த மாதிரி இருந்தது. மிளகு ஒரு பக்கம் தனியாக வாசனை வீசியது, கெடா நாற்றம் ஒரு பக்கம் தனியாக வீசியது. மேலே மிதந்த எண்ணெயில் முடி ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. அதைக் கரண்டியால் எடுத்துப் போட்டேன். மருந்துதானே என்று சொல்லிக்கொண்டு பெரிய டம்ளரில் ஊற்றிக் கட்டிலருகே கொண்டுபோனேன்.

டம்ளர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதே வாந்தி எடுத்துவிட்டாள். காலை அசைக்க முடியாமல், பக்கவாட்டில் சாய்ந்து, கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. வெறும் பச்சைத் தண்ணீர். துடைத்து, புடவை மாற்றி, வாய் கொப்பளிக்க வைத்தேன். எனக்கும் புரட்டிக்கொண்டு வந்தது. யாராவது ஒருத்தர் நிமிர்ந்து உட்கார வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

நடுவுல இருந்த முடிச்சை வெட்டி எடுத்தீங்களா என்று கேட்டாள். எந்த முடிச்சு என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பிளவில்தான் ஆட்டின் நாற்றமெல்லாம் இருக்கிறதாம். சுற்றிக் கத்தி போட்டுப் பிடுங்கி எறிய வேண்டுமாம். சரி, அடுத்த வாரம் எடுத்துவிடுகிறேன், ஒழுங்காகச் செய்து தருகிறேன், உனக்குப் பிடித்த பதத்தில் வைக்கிறேன் என்றேன்.

"எனக்குப் பிடிச்ச பதமா? நான் எப்பங்க அதைக் குடிச்சேன்?"

ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை. சாதாரணமாக, பால் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் சொன்னாள். முப்பது வருஷத்தில் ஒரு மடக்குக்கூட அவள் குடித்ததில்லை. ருசி பார்க்கிறதுகூட வாசனையை வைத்துத்தான். அந்த வாசனையும் பொறுக்காமல் மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டு வாட்டுவாளாம். எனக்கு அந்தத் தைல வாசனை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் பெண்டாட்டிக்கு மட்டும் சளி பிடித்துவிடும் என்று மேசையில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க உறிஞ்சிக் குடிக்கறப்ப எப்படிங்க சொல்றது?" என்றாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "சொன்னா மட்டும்? நாத்தம் இல்லாம ஆட்டுக்கு வேற கால் முளைக்குமா?" என்றாள்.

நான் கொல்லைக்குப் போய்க் குக்கரை வேப்பமரத்தடியில் கவிழ்த்தேன். தெருநாய் ஒன்று வந்து மோந்து பார்த்து, எலும்பை மட்டும் கவ்விக்கொண்டு போனது. சாற்றைத் தொடவில்லை.

அப்புறம்தான் முதல்முறையாகக் கேட்டேன், உனக்கு என்ன சூப் பிடிக்கும் என்று. அவள் யோசிக்கவே இல்லை. கொள்ளு வேக வைத்த தண்ணீர் என்றாள். குழம்புக்குக் கொள்ளு வேகப் போடும்போது அந்தத் தண்ணீரை வடித்து, உப்பு போட்டு, இரண்டு பல் பூண்டும் மிளகும் நசுக்கிப் போட்டு, நான் வேலைக்குப் போன பிறகு அடுப்படியில் நின்றபடியே குடிப்பாளாம்.

என் முகம் போன போக்கு எனக்கே தெரிந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் நான் வளர்ந்த வீட்டில் கொள்ளு என்றால் மாட்டுக்கு. உழவு மாட்டுக்கு அண்டாவில் வேகும். அந்த வேக்காட்டு வாடையும், மாட்டு வாயிலிருந்து ஒழுகுகிற பழுப்பு நுரையும் சேர்ந்துதான் எனக்குக் கொள்ளு. வீட்டில் கொள்ளுக் குழம்பு வைத்த நாளில் எனக்குத் தனியாக ரசம் உண்டு. அது போதாதென்று பழமொழி வேறு குறுக்கே நின்றது. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லியிருக்கிறார்களே, நீயே இப்படி இளைத்துக் கிடக்கிறாய், கொள்ளு இருக்கிற சதையையும் கரைத்துவிடும் என்றேன்.

"பழமொழி சொன்னவருக்கா தகடு வைக்கப் போறாங்க?" என்றாள்.

 ஆனாலும் மனசு கேட்காமல் டாக்டருக்கு போன் போட்டேன். கொள்ளு பருப்பு வகைதான், சத்துதான், வாந்தி இல்லாமல் எது உள்ளே இறங்குகிறதோ அதை முதலில் கொடுங்கள் என்று சலித்துக்கொண்டார்.

ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் வேக வைத்தேன். மூடியைத் தூக்கியதும் மாட்டுக்கொட்டகை. நிறம், மாடு கழுவிய குட்டையின் நிறம். முந்தைய நாள் ஆட்டுப்பட்டி, இன்று மாட்டுக்கொட்டகை என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வடித்தேன். பூண்டை நசுக்கினேன். டம்ளரைக் கொண்டுபோனேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, ஊதி, ஒரு மடக்கு குடித்தாள். உப்பு கம்மி என்றாள். உப்பு போட்டேன். முழுவதும் குடித்தாள். கொஞ்சம் பொறுத்து, வெந்த கொள்ளையும் ஒரு கிண்ணம் கேட்டாள். மென்று தின்றாள். தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தச் சத்தம்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்திவிடுவாளோ என்று மூச்சை விடாமல் இருந்தேன்.

அதைக் குடித்த பிறகு அவளுக்குப் பசி எடுத்தது. மத்தியானம் சோறு கேட்டாள். இரண்டு நாளில் முட்டை கேட்டாள். வளையல் முழங்கைக்கு ஏறுவது நின்றது. அடுத்த படத்தில் எலும்பைச் சுற்றி வெள்ளையாகப் புகை மாதிரி படிந்திருந்தது; அதுதான் கூடுகிற அடையாளம் என்றார் டாக்டர். தகடு வேண்டாம் என்றார். அவள் அங்கேயே, நர்ஸ் எதிரிலேயே அழுதாள். எதிர்வீட்டு அக்கா தெரு முழுக்க ஆட்டுக்காலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார். மருந்து வேப்பமரத்தடிக்குப் போன கதையை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்து, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள், சூப்பு குடித்து எத்தனை நாளாச்சு, கால் வாங்கிட்டு வரலையா என்று. எனக்கு எச்சிலும் ஊறியது, வயிறும் புரட்டியது. நீ வாட்ட வேண்டாம் என்றேன்.

"நான் எங்க வாட்டறேன்னு சொன்னேன்? நீங்க வாட்டுங்க. நான் அக்கா வீட்ல போய் உக்காந்துக்கறேன்."

தடியை ஊன்றித் தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். என் சட்டத்தை நானே ரத்து செய்து, கேஸிலேயே வாட்டி வாங்கினேன். அப்படியும் பொசுங்காத முடி மிச்சம் இருந்தது, சுரண்டினேன். இந்த முறை பிளவுக்குள் கத்தியை விட்டு அந்த முடிச்சைப் பிடுங்கினேன். கையில் பட்டதும் உடம்பெல்லாம் கூசியது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் விரலை முகத்தருகே கொண்டுபோக முடியவில்லை. அதே விரலால் மிளகு தட்டி, அதே கையால் ஊற்றிக் குடித்தேன். ருசியாக இருந்தது. மண்ணெண்ணெய் வாடை இல்லை. எந்த நாளும் இருந்திருக்காது. கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, கொல்லையில் தண்ணீர் அடித்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து அவளைக் கூப்பிட்டேன். தெருவைத் தாண்டி மெதுவாக வந்தாள். வாசற்படியில் நின்று மூக்கை ஒருமுறை சுருக்கினாள்.

"இன்னும் போகலைங்க" என்று சொல்லிவிட்டு, தடியைத் திருப்பி ஊன்றி, அக்கா வீட்டுக்கே திரும்ப நடந்தாள்.