தசமபாகம் கேட்ட ஞாயிறுகள்

மண்ணெண்ணெய்க்காக ஆட்கள் கான்களோடு வீதியில் படுத்துக் கிடந்த அந்த வருடத்தில்தான் என் கணவர் தசமபாகத்தைப் பற்றி, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்யவேண்டி வந்தது. அவர் நெல்லியடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சபையின் போதகர். சபை என்றால் மணிக்கூண்டும் கோபுரமும் உள்ள கோயில் அல்ல. முன்பு நெல்லு மூட்டை அடுக்கிய ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தோம். பின்பக்கத்து அறைகளில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வாடகையையும் எங்கள் சாப்பாட்டுச் செலவையும் கொழும்பில் இருந்த தலைமைச் சபை அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு உதவி குறைந்ததும் தலைமைப் போதகர் தொலைபேசி எடுத்தார்.

"பிரதர், இனி உங்க சபைதான் உங்களத் தாங்கணும். ஜனங்களுக்குத் தசமபாகத்தப் போதியுங்க. வேதத்துல இருக்கிறதத்தானே சொல்லப் போறீங்க, என்ன கூச்சம்?"

என் கணவருக்குக் கூச்சம்தான். ஆனாலும் வேதத்தில் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவரால் அதைத் தாண்டிப் போக முடியாது. எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர். அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் நான் தெல்லிப்பழையில் ஒரு சைவத் தோட்டக்காரக் குடும்பத்தை விட்டு அவரோடு வந்தேன். அன்றிலிருந்து என் அண்ணை என்னோடு கதைப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகத்தைத் திறந்தார். பத்தில் ஒரு பங்கைக் கொடுக்காதவன் கடவுளிடமே களவெடுக்கிறான், கொடுக்கிறவனுக்கு வானம் திறந்து ஆசீர்வாதம் கொட்டும், வேண்டுமானால் என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று கடவுளே சவால் விடுகிறார் என்றெல்லாம் விளக்கினார். முன்னால் இருந்தவர்கள் வள்ளம் இறக்க எண்ணெய் இல்லாத மீனவர்கள், சீமெந்து இல்லாமல் வேலை நின்றுபோன மேசன்மார், வெங்காயத்துக்கு உரம் கிடைக்காதவர்கள். களவு என்ற சொல் வந்தபோது பலர் நிலத்தைப் பார்த்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்து அவர்களுடைய பிடரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பையை மேசையில் கொட்டினேன். சுருட்டிய பத்திரிகைத் துண்டு ஒன்று விழுந்தது. அதற்குள் ஒரு சோடித் தோடு. யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்தது.

எங்கள் சபைக்கு வரும் அந்த அக்கா கரையில் மீன் வாங்கி நெல்லியடிச் சந்தையில் விற்கிறவ. புருசன் உயிரோடு இல்லை. ஒரே மகன் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டிருந்தான். ஏதோ ஒரு எல்லைக் காட்டுக்குள்ளிருந்து, "அம்மா, நாளைக்கு நடக்கத் தொடங்கிறம், கொஞ்ச நாளைக்கு ஃபோன் எடுக்கமாட்டன்" என்று சொன்னதுதான் கடைசி. கொஞ்ச நாள் போய்ப் பல கிழமைகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் அக்கா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டுதான் பாட்டுப் பாடுவா.

தோட்டைக் கணவரிடம் காட்டினேன். அவர் உடனே சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறினேன். அக்காவின் வீடு கடலோரத்தில், மணலுக்குள். எங்களைக் கண்டதும் வாசலுக்கு வந்தா. காதுத் துளைகளில் ஈர்க்குக் குத்தியிருந்தது.

"அக்கா, இதைத் திருப்பி எடுங்கோ," என்றார் அவர். "பத்திலை ஒண்டுதான் கேட்டது. இது உங்களிட்டைக் கடைசியாக் கிடந்த சாமான்."

"பாஸ்டர், நீங்கள்தானே சொன்னியள், சோதிச்சுப் பாக்கச் சொல்லிக் கடவுளே சொன்னவர் எண்டு. நான் சோதிச்சுப் பாக்கிறன். அவன் ஒருக்கால் ஃபோன் எடுத்தால் போதும்."

"அக்கா, கடவுளோடை அப்பிடி..."

"உங்கடை வாயாலைதான் கேட்டனான்." அக்காவின் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "குடுத்ததைத் திருப்பி வாங்கினால் அங்கை அவனுக்கு என்ன நடக்குமோ தெரியாது. கும்பிட்டுக் கேக்கிறன், கொண்டு போங்கோ."

கொண்டு வந்தோம். தோட்டை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகர ரின்னுக்குள் போட்டு மூடினேன். அந்தக் கிழமை அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவார். வேதத்தில் தசமபாகம் என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தேடித் தேடி வாசித்தார். வியாழக்கிழமை பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சை பாரும். மோசேயின்ரை சட்டத்திலை கிடக்கு. மூண்டாம் வருசத்துத் தசமபாகத்தை ஊருக்குள்ளையே வைக்கவேணும். காணி இல்லாதவன், பிற ஊரான், தகப்பன் இல்லாத பிள்ளை, விதவை வந்து வயிறு நிறையச் சாப்பிடவேணும். விதவை குடுக்கவேணும் எண்டில்லை. விதவை சாப்பிடவேணும் எண்டு கிடக்கு. எத்தினை தரம் இதை வாசிச்சிருப்பன், கண்ணிலை படேல்லையே!"

"இதைப் பிரசங்கத்திலை சொல்லப் போறியளோ?"

"ஓம்."

"சொன்னால் எங்களை இஞ்சை வைச்சிருப்பினமோ?"

"மாட்டினம்."

"அப்ப நாங்கள் எங்கை போறது?"

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். விறகு ஈரம். கண் எரிந்தது. அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை, சொல்லுங்கோ என்று ஊக்கவும் துணிச்சல் இல்லை. ஞாயிறு காலையில் அவருடைய வெள்ளைச் சேர்ட்டை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தும்போது, இவருக்குத் தொண்டை கட்டிவிடக் கூடாதா என்று செபித்தேன். உண்மையாகவே அப்படித்தான் செபித்தேன்.

தொண்டை கட்டவில்லை. தெளிவாக, உரத்த குரலில் வாசித்தார். சபைக்கு வந்த காணிக்கையில் அரிசியும் பருப்பும் வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்திருப்பதாகவும், இல்லாதவர்கள் வெட்கப்படாமல் எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார். யாரும் அசையவில்லை. மக்கள் சந்தோசப்படுவார்கள் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். நானும் கொஞ்சம் நினைத்தேன்.

மீன் விற்கும் அக்கா எழுந்து நின்றா.

"பாஸ்டர், அப்ப போன ஞாயிறு சொன்னது பொய்யோ?"

"பொய்யில்லை அக்கா. நான் பாதியைத்தான் சொன்னனான். கடவுள் கூலிக்கு வேலை செய்யிறவர் இல்லை. நீங்கள் குடுத்தாலும் குடுக்காட்டிலும் உங்கடை பிள்ளையை அவர் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்."

"பாத்துக்கொண்டு இருக்கிறாரோ? அவன் காட்டுக்குள்ளை கிடக்கிறான்." தொலைபேசியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தா. "குடுத்தாலும் ஒண்டுதான் குடுக்காட்டிலும் ஒண்டுதான் எண்டால், என்ரை பிள்ளையை நான் என்னத்தைக் குடுத்து மீட்கிறது? சொல்லுங்கோ பாஸ்டர். நீங்கள் படிச்சனீங்கள். என்னத்தைக் குடுக்கிறது?"

அவர் வேதப்புத்தகத்தை மூடினார்.

"எனக்குச் செய்யக் கிடந்த ஒரே ஒரு வேலையையும் பறிச்சுப் போட்டியள்," என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே போனா. ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள். அரிசிப் பைகள் அப்படியே மேசையில் இருந்தன. பிறகு பின்வாசல் வழியாக வந்து சிலர் எடுத்துக்கொண்டு போனார்கள், ஆளை ஆள் பார்க்காமல்.

யார் கொழும்புக்கு அறிவித்தார்கள் என்று தெரியாது. அடுத்த கிழமையே தலைமைப் போதகர் இன்னொருவரோடு ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். சீனி இல்லாமல், ஒரு துண்டு பனங்கட்டியோடு.

"அந்த மூணாம் வருஷத்துக் கதை பழைய காலத்து இஸ்ரவேலருக்குக் கொடுத்த சட்டம் பிரதர். நமக்கு இல்ல," என்றார் தலைமைப் போதகர்.

"அப்ப மற்றத் தசமபாகம் ஆருக்குக் குடுத்த சட்டம் ஐயா?"

கூட வந்தவர் கோபத்தோடு நிமிர்ந்தார். "வேதத்தோட அதிகாரத்தையே கேள்வி கேக்கிறீங்களா?"

"வேதத்தின்ரை அதிகாரத்துக்குக் கீழை நிக்கிறபடியால்தான் கேக்கிறன். எனக்குப் பிடிச்ச வசனத்தை மட்டும் வாசிக்க எனக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

தலைமைப் போதகர் கத்தவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, களைத்துப்போன ஒரு மனிதரைப் போல முகத்தைத் துடைத்தார்.

"பிரதர், உங்களப் போல இன்னும் எத்தனையோ ஊழியக்காரர் குடும்பம் என் தலையில இருக்கு. பச்சப் பிள்ளைகளோட இருக்காங்க. ஜனங்க கொடுக்கலன்னா அவங்களுக்கு நான் எங்க போய் எடுக்கிறது? உங்க மனச்சாட்சிய வச்சு நான் அவங்களுக்குச் சோறு போட முடியாது."

அவர் கெட்டவர் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. ஆனால் மாத முடிவில் அறைகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேறு ஒரு இளம் போதகர் வருவார் என்றார்.

போவதற்கு முன் நான் தனியே கடற்கரைக்குப் போய்த் தோட்டை அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். அடுத்த ஞாயிறே புதுப் போதகர் நீட்டிய பைக்குள் அக்கா அதைப் போட்டுவிட்டா என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்களுக்குப் போக இடம் ஒன்றுதான் இருந்தது. வாடகைக்குப் பிடித்த ஓட்டோவில் இரண்டு பெட்டிகளோடு அண்ணையின் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் இறங்கினோம். அண்ணை தோட்டத்திலிருந்து வந்தார். கால்களில் செம்மண். தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார்.

"அண்ணை," என்றேன்.

"கிணத்தடி அறை சும்மாதான் கிடக்கு. கூட்டிப்போட்டு இருங்கோ," என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "தோட்டத்திலை வேலை கிடக்கு. செய்யலாம். ஆனால் இஞ்சை சத்தம் போட்டுச் செபிக்கக் கூடாது. அம்மா விளக்கு வைச்ச வீடு," என்றார்.

"ஓம் அண்ணை," என்றார் அவர்.

பிரசங்கம் செய்த மனிதர் அண்ணையின் வெங்காயத் தோட்டத்துத் தறைகளில் களை பிடுங்கினார். கைகள் வெடித்தன. வேதப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்திருந்தார், திறக்கவில்லை. ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். "ஏன் வாசிக்கிறேல்லை?"

"வாசிச்சால் ஆருக்கோ சொல்லவேணும் போலை இருக்கும். சொல்லி என்ன நடந்தது எண்டு கண்டனாங்கள்தானே."

நாங்கள் சரியானதைச் செய்தோம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும் போலிருந்தது. யாரும் சொல்லவில்லை.

சில மாதங்களின் பின் நெல்லியடிப் பக்கம் இருந்து ஒரு செய்தி வந்தது. அக்காவின் மகனோடு நடந்த ஒரு பொடியன் எங்கோ ஒரு முகாமிலிருந்து கதைத்திருக்கிறான். காட்டுக்குள் மகனுடைய கால் வீங்கி நடக்க முடியாமல் போனது, ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு மற்றவர்கள் போனார்கள், அதற்குப் பிறகு தெரியாது என்று சொன்னானாம். இருக்கிறான் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

அதைக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை விடியவே என் கணவர் சைக்கிளில் வெளிக்கிட்டார். அச்சுவேலி கடந்து, வல்லை வெளியின் எதிர்க்காற்றில் பெடலை உழக்கி அக்காவின் வீட்டுக்குப் போனார். அக்கா உள்ளே வரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அவர் வேலியோரம் மணலில் மத்தியானம்வரை இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறும் போனார். எந்த ஞாயிறையும் அவர் விடவில்லை. அவருக்கு வேறு சபை இல்லை.

போன மாதம் நானும் கூடப் போனேன். அக்கா மெலிந்து, வேறு ஆளாய் இருந்தா. புதுப் போதகரின் சபைக்கும் இப்போது போவதில்லையாம். முற்றத்தில் நின்ற எங்களைக் கனநேரம் பார்த்தா. என் கணவர் தொண்டையைச் செருமினார், ஏதோ சொல்ல வந்ததுபோல.

"வேண்டாம் பாஸ்டர்," என்றா அக்கா. "இனி எனக்கு ஒண்டும் சொல்லித் தரவேண்டாம். வெயில் ஏறுது. உள்ளை வந்து இருங்கோ."

உள்ளே போய் நிலத்தில் இருந்தோம். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு கடல் பக்கம் பார்த்தா. நாங்களும் பார்த்தோம். யாரும் செபிக்கவில்லை.