மாவு மில் சோணைதாசன்

கேழ்வரகை மெஷின் வாயில் கொட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார் பலராமன். மோட்டாரின் உறுமல் சமனுக்கு வந்ததும் அதையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு "ஆ..." என்று ஆரம்பித்துவிடுவார். கேழ்வரகுக்குச் சுருதி சுகமாக நிற்கும். மிளகாய் என்றால் மோட்டார் திணறும், சுருதி இறங்கிப்போகும். "மொளகாய ஓரமா வைம்மா. கல்யாணி ஓடிக்கினு இருக்குது, அப்பறமா அரைக்கலாம்" என்பார். நிற்கிறவர்கள் நிற்க வேண்டியதுதான்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் முளைத்த புது வீடுகளுக்கெல்லாம் மாவு இவர் மில்லில்தான். ஆனால் என்ன தொழில் என்று கேட்டுப் பாருங்கள், "பாட்டு கட்றேன், மில்லும் வச்சிருக்கேன்" என்பார். கீழ்பென்னாத்தூரில் அப்பா மல்லாட்டைக் கடலை போட்ட நிலத்து வரப்பில் உட்கார்ந்து, ரேடியோ கேட்டே சங்கீதம் பிடித்தவர்.

சரணம் வராமல் தவித்த ஒரு நாள், மிளகாய் அரைத்த மெஷினிலேயே சரசுவின் கோதுமையைக் கொட்டிவிட்டார். சரசு வீட்டில் அன்றைக்குச் சப்பாத்தி தின்ற அத்தனை பேரும் 'உஸ் உஸ்' என்று ஊதிக்கொண்டு கிடந்தார்கள். சண்டைக்கு வந்தவளிடம், "இரு, இதக் கேட்டுட்டுத் திட்டு" என்று அந்தச் சரணத்தைப் பாடிக் காட்டினார். மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா!

பாட்டு கட்டிய பழைய மகான்கள் பெயர் காதில் விழுந்தால் போதும், இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஸ்கூட்டரில் போகும்போதும் ஹேண்டிலை விட்டுவிட்டுத்தான்! பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி வேதாவுக்கு உயிர் போய் உயிர் வரும். "என் கை அண்ணாமலையாருக்குத்தான் கன்னத்துக்குப் போவும். பாட்டு கட்னவங்களுக்கெல்லாம் போவாது" என்பது வேதாவின் கட்சி.

கட்டியவர் தன் பெயரைப் பாட்டின் முடிவில் முத்திரையாக வைப்பது வழக்கம். அண்ணாமலையார் மலைக்குச் சோணை என்றும் பெயர் உண்டல்லவா, இவர் வைத்துக்கொண்ட முத்திரை சோணைதாசன். அதை யாராவது மேடையில் பாடிக் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசையே கிடையாது. பாடகர்களோ, "நீங்களே கட்டனதா? பாக்கலாங்க" என்று நழுவிவிடுவார்கள்.

அதனால் போன ஐப்பசியில் ஒரு வேலை செய்தார். சத்துமாவு அரைக்க வந்த பாட்டு டீச்சர் தேவிப்ரியாவிடம் ஒரு பாட்டை எடுத்துவிட்டார். அவள் அசந்துபோனாள்.

"யாரோடது அங்கிள்?"

"யாரோ சோணைதாசனாம். ரொம்பப் பழசும்மா. எங்க ஊர் பஜனையில பாடுவாங்க" என்று கூசாமல் புளுகினார். அவள் மேடையில் பாடி முடித்ததும் எழுந்து, "அது நான்தான்!" என்று சொல்லிவிடுவதாகத் திட்டம். அதற்கென்றே புது ஜிப்பாவும் தைத்தாயிற்று.

மார்கழி வந்தது. தேரடி வீதிக் கல்யாண மண்டபத்தில் கச்சேரி. முன்வரிசை முழுக்க தேவிப்ரியாவிடம் பாட்டு கற்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். "இது இதுவரைக்கும் யாரும் மேடையில பாடாத கீர்த்தனை. சோணைதாசர்னு ஒரு மகான் கட்டினது. நானே தேடிக் கண்டுபிடிச்சேன்" என்று மைக்கில் பெருமையாகச் சொல்லிவிட்டுப் பாடினாள். அடடா, என்ன பாட்டு! மெஷின் சத்தத்தில் பிறந்ததா இது? பலராமனுக்குக் கண் நிறைந்துவிட்டது. முத்திரை வந்தது. பாட்டு முடிந்தது. மண்டபமே கைதட்டியது.

"உம், எழுந்து சொல்லுங்க" என்று வேதா இடித்தாள்.

பாதி எழுந்தார். மேடையில் அந்தப் பெண்ணின் முகம் பூரித்துக் கிடந்தது. பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க?"

"வேணாம்டி. புளுகனது நானு. இத்தினி பேரு எதிர்ல அந்தப் பொண்ணு தல குனியணுமா?"

"அப்போ உங்க பேரு?"

"அதான் பாடிட்டாங்களே" என்றார். குரல் மிளகாய் போட்ட மோட்டார் மாதிரி இறங்கிவிட்டது.

மேடையில் தேவிப்ரியா கைகூப்பினாள். "சோணைதாசர் திருவடிக்கு நமஸ்காரம்."

பழக்கதோஷத்தில் பலராமனின் கை கன்னத்தை நோக்கிப் போய், பாதியில் நின்றது. தனக்குத் தானேவா?

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. வேதா மேடையைப் பார்த்தபடியே, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.