பாயின் வலது ஓரம்

இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதில்லை, எனக்கே நடந்தது. ஆக்லாந்தில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பார்த்ததை எழுது, நேரத்தைப் போடு, ஊகத்தை எழுதாதே. எங்கள் வேலை அவ்வளவுதான். கீழே வரும் நேரங்கள் எல்லாம் என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்தவை. அதன் முட்கள் இருட்டிலும் பச்சையாகத் தெரியும்.

சமோவாவுக்குப் போய்த் திரும்பியதும் கூடத்தில் கேட்டார்கள். வெளிநாடு போய் வந்தாயே, என்ன கற்றுக்கொண்டாய் என்று. இரண்டு சொன்னேன். சவாயி தீவுக்குப் போகும் படகில் பின்பக்கம் உட்காராதே, புகை அடிக்கும். நாடா கட்டும் காலணி போட்டுக்கொண்டு போகாதே, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்தே இடுப்பு போய்விடும். சிரித்தார்கள். மூன்றாவதைச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சமோவா என் அப்பாவின் நாடு. எனக்கு வெளிநாடு. நான் பிறந்து வளர்ந்தது ஆக்லாந்தில். என் மனைவி லூப்பேதான் சவாயியில் பிறந்தவள்.

மார்ச் 9, இரவு 11:20. ஹாமில்டனிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். கார் சாலையை விட்டு இறங்கி ஒரு மரத்தில் மோதியது. எனக்கு நான்கு விலா எலும்புகள் முறிந்தன. லூப்பே பத்தொன்பது நிமிடம் மூச்சு விட்டாள். குட்டை குட்டையாக, வேகவேகமாக. பிறகு இல்லை.

நாய் குறுக்கே ஓடியது என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். என்ன நாய் என்றார். பழுப்பு நாய், ஒரு காது மட்டும் வெள்ளை என்றேன். எழுதிக்கொண்டார்.

மருத்துவமனையில் அவள் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மோதிரம், ஒரு செருப்பு, கைப்பை. அன்று அவள் தலைமுடியைக் கட்டியிருந்த பச்சைத் துணி வளையம் மட்டும் இல்லை. எலும்பு கூடியதும் உடைந்த காரைத் தேடிப் போய், இருக்கைகளுக்கு அடியில் எல்லாம் கைவிட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் படுக்கையில் கிடந்தபோதே அவள் அண்ணன் மோசே வந்து உடலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டான். வீட்டு முற்றத்தில் புதைத்தார்கள். எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினான். இந்த மண்ணில் கால் வைத்தால் காலை எடுத்துவிடுவேன் என்று.

ஆறு மாதம் சரியாகத் தூங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போலிருக்கும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. அவள் கல்லறையை ஒருமுறை பார்த்தால் போதும் என்று மட்டும் தோன்றியது. அதற்கு அவர்கள் அனுமதிக்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான்.

அதற்குத் தலைநகர் ஆப்பியாவிலிருந்த என் பெரியப்பா துவாலா ஏற்பாடு செய்து தந்தார். எங்கள் குடும்பத்தின் தலைவர் அவர்தான். சமோவா வழக்கப்படி, குடும்பத்தில் ஒருவனால் ஓர் உயிர் போய்விட்டால், விடிவதற்கு முன் அந்த வீட்டு முற்றத்தில் போய் உட்கார வேண்டும். தலைமேல் மெல்லிய பின்னல் பாயைப் போர்த்திக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது. மன்னித்தால் அவர்களே வந்து பாயைத் தூக்குவார்கள். மன்னிக்காவிட்டால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நாம் அசையக் கூடாது. பக்கத்தில் விறகும் அடுப்புக் கல்லும் வாழையிலையும் வைத்துவிட வேண்டும்.

"எங்களைச் சுட்டுத் தின்னுக்கங்கன்னு அர்த்தம்," என்றார் பெரியப்பா. "நீ பயப்படாத. உன் உடம்புல என்னடா இருக்கு? ஆபத்து எனக்குத்தான்."

தொந்தியைத் தட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவு, சவாயியில் படகு வந்து சேரும் சலெலோலோகா துறைக்குப் பக்கத்தில், தம்பி முறையான விலியின் வீட்டில் தங்கினோம். அவனிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. அதிகாலை 3:50-க்குக் கிளம்பினோம். வழியெல்லாம் புகை பிடித்துக்கொண்டே ஓட்டினான். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தானும் வந்து பாய்க்குக் கீழ் உட்காருவதாகச் சொன்னான். ஆள் அதிகம் இருந்தால் மரியாதை என்றான்.

4:38. லூப்பேயின் வீடு. சுவர் இல்லாத வீடு, ஓலைத்தட்டிகளை இறக்கியிருந்தார்கள். உள்ளே ஒரு பல்பு எரிந்தது. முற்றத்தில் வெள்ளை ஓடு பதித்த கல்லறை. இருட்டிலும் தெரிந்தது. நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடிகூட இருக்காது.

ஊர் நாய்கள் எல்லாம் குரைத்துக்கொண்டிருந்தன. பெரியப்பா என் இடப்பக்கம் உட்கார்ந்தார். பாயை இழுத்து இருவரையும் மூடினார்.

4:52. குரைப்பு நின்றது.

ஒவ்வொன்றாக அடங்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

அப்போது என் வலப்பக்கம் பாயின் விளிம்பு மேலே போனது. யாரோ கை நுழைத்துத் தூக்குவது போல... நிதானமாக. குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தது தெரிந்தது. விளிம்பு மறுபடி தரையில் படிந்தது.

விலி வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

பேசக் கூடாது என்பதால் பேசவில்லை. தலை குனிந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றியது. விலி வந்தால் சிகரெட் வாடை வர வேண்டும். இது ஈர வாடை. மழை நின்ற பிறகு தார் ரோட்டிலிருந்து வருமே, அந்த வாடை.

அப்போது மழையே பெய்யவில்லை.

5:15. வலப்பக்கத்திலிருந்து பாரம் என் தொடைமேல் சாய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. தூங்குகிறவர்கள் சாய்வது போல. லூப்பே எந்தப் பயணத்திலும் பாதி வழியில் அப்படித்தான் சாய்வாள்.

நகர இடமில்லை. நகரவும் கூடாது.

5:40. மூச்சு கேட்டது. பெரியப்பாவின் மூச்சு எனக்குத் தெரியும். கனமானது, மூக்கில் விசில் அடிக்கும். இது வேறு. வலப்பக்கம்...

குட்டை குட்டையாக. வேகவேகமாக.

அந்த மூச்சை நான் பத்தொன்பது நிமிடம் கேட்டிருக்கிறேன்.

எழுந்து ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஓடினால் எல்லாம் முடிந்தது. கல்லறையை இனி எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது நிமிடம் ஆனால் நின்றுவிடும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

5:59. நிற்கவில்லை.

6:25. வெளிச்சம் வந்தது. பாயின் பின்னல் வழியாகப் புள்ளி புள்ளியாக. இடப்பக்கம் பெரியப்பாவின் முழங்கால் தெரிந்தது. வலப்பக்கம் நான் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

6:50. மழை பிடித்தது. பாயின்மேல் சடசடவென்று விழுந்தது. வீட்டுக்குள் ஆட்கள் நடமாடினார்கள். மோசேயின் குரல் கேட்டது. சாயங்காலம் வரைக்கும் கிடக்கட்டும் என்று யாரிடமோ சொன்னான். பெண்குரல் ஒன்று அவனை அடக்கியது. யாரும் வெளியே வரவில்லை.

7:30.

யாரும் வரவில்லை.

7:44. என் வலது புறங்கையில் ஏதோ பட்டது.

ஈரமாக. சில்லென்று. விரல் நுனி அளவுக்கு.

விலகியது. மறுபடியும் பட்டது. நான் வண்டியை வேகமாக ஓட்டினால் லூப்பே இப்படித்தான் தொடுவாள். ஒரே விரலால். இரண்டு தடவை.

மூச்சு இன்னும் வேகமானது...

என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

7:46. விதியை மீறினேன். பாய்க்குள்ளிருந்தே கத்தினேன்.

"நாய் இல்ல, அத்தை. நாயே வரல. நான் தூங்கிட்டேன்."

பெரியப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் நிறுத்தவில்லை.

"நான் ஓட்டட்டுமான்னு ரெண்டு தடவ கேட்டா. நான்தான் குடுக்கல. நாய்னு சொன்னது பொய்."

மூச்சு நின்றது.

பாரம் இல்லை. தொடை லேசாகிவிட்டது.

மழைச் சத்தம் மட்டும். ரொம்ப நேரம்போலத் தோன்றியது. மூன்று நிமிடம்தான்.

7:49. ஈரத்தரையில் காலடி. பாய் தூக்கப்பட்டது. வெளிச்சத்தில் கண் கூசியது. லூப்பேயின் அம்மா பெனினா, நனைந்துகொண்டு நின்றார். பின்னால் மோசே. கையில் ஒன்றும் இல்லை.

அத்தை என்னையே பார்த்தார்.

"நீ இப்பத்தான் வந்திருக்க," என்றார். "எந்திரி. உள்ள வா."

அப்போதுதான் வலப்பக்கம் திரும்பினேன். யாரும் இல்லை. புல் மட்டும் வட்டமாக அமுங்கியிருந்தது.

விலியைத் தேடினேன். ரோட்டோரம் பிக்கப்பில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். எழுப்பினேன். சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை.

"கோவிச்சுக்காதண்ணே. கொஞ்சம் கண்ண மூடினேன், அவ்வளவுதான். விடிஞ்சே போச்சு."

கண்ணை மூடியதைப் பற்றி என்னிடமா சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று எங்களுக்குக் கோக்கோவும் சேப்பங்கிழங்கும் கொடுத்தார்கள். எங்களைச் சுடச் சொல்லி நாங்கள் கொண்டுபோன விறகில்தான் கிழங்கு வெந்தது என்று பெரியப்பா சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். மோசே என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் தட்டு காலியானபோது அவன்தான் நிரப்பினான். மாலையில் அத்தை என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போனார். ஓட்டின்மேல் கை வைத்தேன். அன்றிரவு அந்த வீட்டில்தான் படுத்தேன். விடிகிற வரைக்கும் தூங்கினேன்.

பாய்க்குள் வலப்பக்கம் ஏதாவது கேட்டதா என்று பெரியப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். மூச்சு கேட்டதாம். நான் அழுகிறேன் என்று நினைத்தாராம்.

வந்தது லூப்பே என்று முடிவு செய்துகொண்டேன். பொய்யை என் வாயாலேயே சொல்ல வைக்க வந்தாள், போய்விட்டாள். அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது. இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை மோசே எங்களைத் துறையில் கொண்டுவந்து விட்டான். படகு ஏற வரிசையில் நின்றோம். பத்து மணிப் படகு இன்னும் கிளம்பவில்லை. அப்போது மணி 10:25.

"ஒண்ணு கேக்கணும் மாப்ள," என்றான். விபத்துக்குப் பிறகு அவன் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்த நாய் யாரோடது?"

எந்த நாய் என்றேன்.

"உன்கூடப் பாய்க்குள்ள இருந்துச்சே. பழுப்பு நாய். ஒரு காது மட்டும் வெள்ளை."

அவனே சொன்னான். தட்டி இடுக்கு வழியாக அவனும் அத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்களாம். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கல்லறைப் பக்கமிருந்து வந்ததாம். உடம்பெல்லாம் நனைந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் ஊர் நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லையாம். பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றதாம்.

"நீதான பாயத் தூக்கி அத உள்ள விட்ட?"

இல்லை என்று தலையசைத்தேன். என் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன.

"பின்ன யாரு தூக்கினா?"

படகு ஊதியது. பெரியப்பா என்னை இழுத்தார். போலீசுக்குச் சொன்ன அடையாளங்களை அங்கே யாரிடமாவது சொன்னேனா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். நாய் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். பெரியப்பாவிடம்கூட நிறம் சொன்னதில்லை. அந்த வெள்ளைக் காது, போலீஸ்காரர் நம்பட்டும் என்று அந்த நிமிடத்தில் நான் சேர்த்துக்கொண்டது.

மோசே பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"நீ கத்தினதும் வெளிய வந்துருச்சு. கல்லறையச் சுத்தி அந்தப் பக்கம் போச்சு. இந்தப் பக்கம் வரவே இல்ல. வீட்டு நாயின்னுதான் நெனச்சோம். கழுத்துல பச்சைத் துணி வளையம் போட்டிருந்துச்சே... பொம்பளைங்க தலைமுடிக்குப் போடுவாங்கள்ல, அது மாதிரி."

ஆக்லாந்து திரும்பிய மூன்றாம் நாள் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன். வழக்கு நடக்கிறது. ஓட்டுநர் உரிமம் போய்விட்டது. அதைப் பற்றி வருத்தம் இல்லை.

அதே போலீஸ்காரர்தான். பழைய வாக்குமூலத்தை எடுத்தார். நாயைப் பற்றிய வரிகளை அடிப்பதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டினார்.

பழுப்பு நிறம். ஒரு காது வெள்ளை.

அவ்வளவுதான் இருந்தது. பச்சை வளையத்தைப் பற்றி நான் எவரிடமும் சொன்னதில்லை.