கியோவின் ஐந்து வரிகள்

மலாயாவில், ஜார்ஜ் டவுன் சிந்த்ரா தெருவில் ஜப்பானியப் படக்கடை ஒன்றில் புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டிவந்தான் சிதம்பரநாதன். கடையை நடத்தியவள் கியோ. அவள் கணவன் ஜப்பானுக்குக் கப்பலேறி இரண்டு வருடமாயிற்று. ஒரு கடிதம்கூட இல்லை. ஆள் வராத பிற்பகல்களில் அவனை நினைத்துக் கவிதை எழுதுவாள். அவர்கள் மரபில் ஐந்தே வரி. ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று அசைக்கணக்கு. பொருளை மலாயில் சொல்லுவாள். சிதம்பரநாதனும் புள்ளியெழுத்தைத் தள்ளி எண்ணி, தமிழில் எழுதிப் பார்த்தான். கணக்கு வந்தது, கவிதை வரவில்லை.

1927 தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் கோமதியைப் பார்த்தான். தூரத்து உறவு, கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரி. அவள் அக்கரைக்குப் போனதும் கடிதம் எழுத உட்கார்ந்தான். கியோ சொன்ன கவிதைதான் தமிழாகிக் கையில் வந்தது.

நீ சென்ற கப்பல்
புகை வானில் கரைந்தும்
என் கைக்குட்டையில்
இன்னும் காயாதிருக்கும்
நேற்றுப் பெய்த மழைநீர்

கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டான். கோமதி அதை மனப்பாடமே செய்துவிட்டாள். ஆவணியில் கல்யாணம்.

மணக்கோலத்தில் படம் எடுக்க இருவரும் கடைக்கு வந்தார்கள். கோமதிக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து வரியையும் மலாயில் கியோவிடம் ஒப்பித்தாள்.

"எனக்காக இவரே எழுதினது லா!"

திரைச்சீலையை இழுத்துக்கொண்டிருந்த கியோவின் கை நின்றது. சிதம்பரநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையைக் குனிந்துகொண்டான்.

"பாகுஸ். ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் கியோ, அவன் பக்கம் திரும்பாமலே. "அசையாம நில்லுங்க."

மறுநாள் அவள் முன்னால் போய் நின்றான். "மன்னிச்சிருங்க."

"அத எம் புருஷனுக்கு அனுப்ப என்கிட்ட விலாசம் இல்ல," என்றாள் அவள். "உனக்கு இருந்திச்சு."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அன்று மாலையே கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"அப்ப நீங்க எழுதினது எது?"

கசங்கிய தாள்களை எடுத்துக் கொடுத்தான். ஒன்றுவிடாமல் படித்தாள். விடிந்ததும் பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கடைக்குப் போய், கியோவின் கையில் வைத்துவிட்டு வந்தாள்.

கல்யாணப் படத்துக்கு அவனேதான் வண்ணம் தீட்டவேண்டியிருந்தது. கோமதியின் சேலைக்குச் சிவப்பும் தாலிக்கு மஞ்சளும் வைத்தான். தலைகுனிந்து நின்ற தன் உருவத்தைத் தொடவே இல்லை. அதற்குப்பின் அவன் கவிதையும் எழுதவில்லை.

படத்தில் அப்பா ஏன் தரையைப் பார்க்கிறார் என்று பிள்ளைகள் பின்னாளில் கேட்டபோது, கோமதிதான் பதில் சொன்னாள்: "வெளிச்சத்துல கண்ணு கூசிருச்சு." அடுத்த அறையிலிருந்த சிதம்பரநாதன் வெளியே வரவில்லை.