சிவப்புக் கயிறு கட்டிய செம்பனைகள்

டக்.

செம்பனைப் பழத்தில் இறங்கிய பாராங் கத்தி பாதியில் நின்ற சத்தம் அது. கேட்டதும் என் வாயில் எச்சில் ஊறியது.

நான் வளர்ந்த தோட்டத்தில் செம்பனை எல்லாம் கெட்டி ஓடு. கொட்டையைக் கல்லில் வைத்து உடைப்போம்... டக், டக். உள்ளே இருக்கும் துளி வெள்ளைப் பருப்புக்கு அப்படியொரு அடிதடி! ஓடு தெறித்து விழுந்த தழும்பு இன்னும் என் புருவத்தில் இருக்கிறது. நாக்குக்கு ஞாபகசக்தி அதிகம். இடம் பொருள் பார்க்காமல் ஊறிவிட்டது.

ஏனென்றால், போன ஞாயிற்றுக்கிழமை பாலோ ஊரில் அந்தச் சத்தம் கேட்டபோது, கத்தி பிடித்திருந்தவரின் முகம் செத்துப் போயிருந்தது.

சேகர். என் மனைவியின் தம்பி. செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது கையில் கொடுத்ததை அப்படியே ஐந்து ஏக்கர் மண்ணில் போட்டார். அவரும் மனைவி மல்லிகாவும் கன்று நட்டு, களை பிடுங்கி, எலியோடும் காட்டுப்பன்றியோடும் மல்லுக்கு நின்று... இது நாலாவது வருஷம்.

“கெட்டி ஓடு, மச்சான்,” என்றார் சேகர். “இதுவும் கெட்டி ஓடு.”

செம்பனையில் காசு சதையில் இருக்கிறது. எண்ணெய் அங்கேதான். ஓடு தடித்தால் சதை மெலியும். அதனால்தான் இன்றைக்குப் பெரிய தோட்டங்கள் வைப்பதெல்லாம் மெல்லிய ஓட்டு ரகம். சேகர் வைத்ததும் அதுதான் — அப்படித்தான் நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். முதலில் வந்த குலைகள் சின்னவை. யாரும் வெட்டிப் பார்க்கவில்லை. போன வாரம் குலை வாங்குகிறவர் மல்லிகாவிடம் சொல்லிவிட்டார்: “அக்கா, உங்க குலையில பாதிக்கு ஓடுதான் இருக்கு. மில்லுல கழிக்கிறாங்க லா. இனிமே என்னால எடுக்க முடியாது.”

அதுதான் இந்தப் பரிசோதனை. ஒவ்வொரு மரத்திலும் ஒரு பழம். சேகர் வெட்டுவார். டக் என்று நின்றால், மல்லிகா அந்த மரத்துக்குச் சிவப்பு ராஃபியா கயிறு கட்டுவார். திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதுபோல நான் கயிறு பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மதியத்துக்குள் கயிற்று உருண்டை தீர்ந்துபோனது. மரங்கள் தீரவில்லை.

“இந்த ராஜாவைப் பாருங்கண்ணே,” என்று மல்லிகா ஒரு மரத்தைக் காட்டினார். ஆகா, என்ன ஒரு மரம்! பக்கத்து மரங்களைவிட உயரம். கண்ணைப் பறிக்கும் பச்சை. “ஓடே இல்லாத சாதியாம். பூ பூவா வைக்கும், அத்தனையும் அழுகிக் கொட்டும். ஒரு குலை தந்ததில்ல. பிள்ளை பெத்து இளைச்சாத்தானே? சும்மா உரத்தைத் தின்னுட்டு மேக்கப் போட்டு நிக்குது.”

“வெட்டிடலாம்ங்க,” என்றார் பிறகு, சேகரைப் பார்த்து. குரலில் இப்போது சிரிப்பில்லை. “மொத்தமா.”

“பைத்தியமா உனக்கு? மறுபடி நட்டா இன்னும் நாலு வருஷம். எனக்கு என்ன வயசாகுது? ரெண்டு வருஷம் போகட்டும், பார்க்கலாம்.”

“இன்னும் இருபது வருஷம் பார்த்தாலும் ஓடு மெலியுமா?”

சேகர் கத்தியைச் சட்டையில் துடைத்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பால் பாக்கெட் கெட்டால் மூக்கு சொல்லிவிடும். செருப்பு மட்டமானதென்றால் முதல் மழையிலேயே வாயைப் பிளக்கும். ஆனால் விதை? பச்சையாய்ச் சிரித்துக்கொண்டே நாலு வருஷம் பொய் சொல்லும்! அது வாய் திறந்து உண்மையைச் சொல்லும்போது, கேட்க வேண்டியவன் ஒருவனும் அங்கே இருக்கமாட்டான்.

நல்ல விதை நாட்டில் இல்லையா? தாராளமாக இருக்கிறது. இந்த மெல்லிய ஓடு இயற்கையாய்க் காற்றில் பறந்து வந்ததல்ல. கெட்டி ஓட்டுத் தாய், ஓடில்லாத தகப்பன். தாய் மரத்தின் பூவுக்குப் பை கட்டி, ஒரு பூச்சிகூட நுழையாமல் காவல் காத்து, தகப்பன் மரத்தின் மகரந்தத்தை உள்ளே ஊதி... ஒரு கல்யாணத்துக்கு உண்டான சிரத்தை! அந்தக் கல்யாணத்தில் பிறந்தது மட்டுமே ஒழுங்கான மெல்லிய ஓடு. அதன் பழம் தானாக உதிர்ந்து தரையில் முளைத்தால், அடுத்த தலைமுறை சிதறிப்போகும். சில கெட்டி, சில மலடு, சில தப்பிப் பிழைத்த நல்லது. மனிதர்களிடமும் பார்க்கிறோமே, அது மாதிரி.

சேகர் முதலில் நியாயமான இடத்துக்குத்தான் போனார். பெரிய நாற்றங்கால், முறையான விதை. கவுண்டரில் ஒரு பெண் கேட்டாளாம்: “எத்தனை ஆயிரம்?” சேகர் சொன்னார்: “முன்னூறு.” அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம். பெரிய ஆர்டர் எல்லாம் முடியட்டும், அடுத்த வருஷம் போன் பண்ணுங்கள் என்றாளாம். மனிதர் பண்ணினார். அடுத்த வருஷமும் அதே அடுத்த வருஷம்தான்.

நிலம் காத்திருக்குமா? லாலான் புல் மண்டிவிடாதா? அப்போதுதான் பாலோ சாலையோரத்தில் மணியம் கிடைத்தார். “இன்னிக்கே லோரியில ஏத்திக்கலாம், தம்பி!”

“வாங்க, அந்த மணியத்தைப் பார்க்கலாம்,” என்றேன். சேகர் தயங்கினார். மல்லிகா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கையில் வெட்டிய பழத்துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் பையில்.

மணியத்தின் நர்சரியில் கறுப்பு பாலிபேக் வரிசை வரிசையாய் நின்றது. மணியம் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். “எங்க மச்சான், பத்திரிகையில எழுதுறவரு,” என்று சேகர் என்னைக் காட்டினார். மல்லிகா பழத்துண்டுகளை அவர் முன்னால் மேசையில் கொட்டினார்.

“மண்ணு சரியில்லம்மா,” என்றார் மணியம், பார்க்காமலேயே.

“மண்ணு சரியில்லன்னா ஓடு தடிக்குமா?” என்று நான் குரலை உயர்த்தினேன்.

“பாஸ், நீங்க எழுதுறவங்க, ஒங்களுக்கு இது தெரியாது. இதெல்லாம் பெரிய தோட்டத்து மரத்தடியில முளைச்ச கன்னு. அங்க ஒரு குலையை ஒரு ஆளு தூக்க முடியாது! அது பெத்த பிள்ளை வேற எப்படி இருக்கும்?”

இந்தப் பேச்சில்தான் நம் ஜனங்கள் விழுகிறார்கள். பெண் பார்க்கப் போனாலும் தாயைப் பார், மாடு வாங்கினாலும் தாயைப் பார் என்று பழகிய கண். கன்று வாங்கும்போதும் தாய் மரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அதன் காலடியில் கிடந்ததை அள்ளிக்கொண்டு வருகிறோம்.

மல்லிகா கத்தவில்லை. “அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க சொந்த நெலத்துல இந்தக் கன்னைத்தான் வெச்சிருக்கீங்களா?”

மணியம் குழாயை அடுத்த வரிசைக்குத் திருப்பினார். தண்ணீர் பையில் நிறைந்து வழிந்தது.

ஆக, தெரியும். இவருக்கு எல்லாம் தெரியும்!

அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு வார்த்தை கேட்கத் தயாரானேன். அப்போது பின்னால் ஒரு லோரி நின்றது. தொழிற்சாலை டீ-சட்டையோடு ஒருவர் இறங்கினார். நாற்பது வயதிருக்கும். முகமெல்லாம் கல்யாணக் களை.

“மணியண்ணே, என் கன்னு ரெடியா?” என்றவர், எங்களைப் பார்த்துச் சிரித்தார். “நீங்களும் வாங்க வந்தீங்களா? நல்ல எடம் சார். நான் மூணு எடம் அலைஞ்சேன், சின்ன ஆளுக்கு யாரு தர்றா? கடைசியில அண்ணன்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. அந்த வளைவுல ஒரு தோட்டம் இருக்குல்ல? அலமாக்! என்னா பச்சை! அதுல ஒரு மரம் ராஜா மாதிரி நிக்குது. அதெல்லாம் இங்க வாங்கினதாம்!”

வளைவில் இருக்கும் தோட்டம் சேகருடையது.

என் கோபம் அந்த நிமிஷம் மணியத்தையும் தாண்டிப் போய்விட்டது. இந்த மணியத்தை விரட்டினால் அடுத்த சாலையில் இன்னொருவர் குழாய் பிடித்து நிற்பார். முன்னூறு கன்று கேட்டவனைப் பார்த்துச் சிரித்த அந்தக் கவுண்டர்தான் இவருக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தரமான விதையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று குளிர்சாதன அறைகளில் கைதட்டிக்கொள்கிறார்கள். ஐயா, கண்டுபிடித்ததைப் பாலோ வரைக்கும் ஒரு லோரியில் அனுப்புவதை யார் கண்டுபிடிப்பது? ஆயிரம் வாங்குகிறவனுக்கு விதை, முன்னூறு வாங்குகிறவனுக்கு விதியா?

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். மறுநாள் கொடுத்தேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். மரம் இருக்கிறது என்றேன். மரம் போதாதாம்.

ஆனால் அன்றைக்கு அந்த நர்சரியில், சேகர் மேசையில் கிடந்த ஒரு துண்டை எடுத்தார். டீ-சட்டைக்காரரின் உள்ளங்கையில் வைத்தார்.

“அந்த வளைவுத் தோட்டம் என்னுதுதான் சார். இது அதுல காய்ச்சது. நகத்தால கீறிப் பாருங்க. ஓடு எவ்ளோ, சதை எவ்ளோன்னு.”

அவர் கீறினார். மறுபடி கீறினார். கல்யாணக் களை மெல்ல வடிந்தது. போய் லோரிக்காரரிடம் வேண்டாமென்று கையசைத்தார். எஞ்சின் அணைந்தது.

“ஏன்பா சேகரு,” என்றார் மணியம், இறங்கி வந்த குரலில். “நாலு வருஷம் ஆச்சு, இப்ப வந்து தொழிலைக் கெடுக்கிறியே. சரி, போனது போகட்டும். புதுக் கன்னு பாதி விலைக்குத் தர்றேன், எடுத்துக்க.”

சேகர் காரின் கதவைத் திறந்தார். மல்லிகாவைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கான பதில் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகுதான் மணியத்தின் பக்கம் திரும்பினார்.

“இனிமே ஆளுங்களை என் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வராதீங்கண்ணே. அடுத்த வாரம் அங்க காட்டுறதுக்கு ஒரு மரமும் இருக்காது.”