மாண்டரினுக்கு ஒரு தாள், அம்மாவுக்கு ஒரு மலை

இந்தப் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் அம்மாவும் ஒரே காலைக்குள் இத்தாலியிலுள்ள பலேர்மோவின் குவெஸ்தூராவுக்கும் (வதிவிட அட்டை தரும் பொலிஸ் தலைமையகம்) பெல்லெக்ரினோ மலைக்கும் போய் வந்தோம். இரண்டையும் ஒன்றாகச் செய்ய யாரும் திட்டமிடமாட்டார்கள். நாங்களும் திட்டமிடவில்லை.

காரணம் மாண்டரின் ஆரஞ்சு. அம்மா நகரின் ஓரத்துச் சியாகுல்லியில் ஒரு சிறு கூட்டுறவில் பழம் பொதி செய்கிறார். மற்ற இடங்களில் பருவம் முடியும்போதுதான் அங்கே பழம் இனிக்கத் தொடங்கும். மியூனிக்கில் வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த பழச் சந்தைக்குப் பெட்டிகளோடு அம்மாவையும் அனுப்ப முடிவு செய்திருந்தார்கள். மன்னாரிலிருந்து வந்த பத்தொன்பது வருடத்தில், "நீங்களே வந்து பேசுங்கள்" என்று அம்மாவை யாரும் அழைத்தது அதுதான் முதல் தடவை. வான் புதன் காலை புறப்படும்.

பெட்டிகளுக்கு ஒரு விநியோகத் தாள் போதும். இத்தாலியில் ஏற்றி ஜெர்மனியில் இறக்கலாம், நடுவில் சுங்கம் இல்லை. அம்மாவின் பெர்மெஸ்ஸோவோ, அதாவது வதிவிட அட்டை, காலாவதியாகிப் புதுப்பித்தலில் இருந்தது. தபாலகம் கொடுத்த ரசீதோடு பலேர்மோவில் வேலை செய்யலாம், ஜெர்மனிக்குப் போக முடியாது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என் ஆய்வேடே ஐரோப்பியப் பொதுச் சந்தை பற்றியதுதான். பழம் போகும் இடத்துக்கு அதைப் பொதி செய்தவர் போக முடியாது என்பதை அதில் ஒரு அடிக்குறிப்பாக எழுதியிருந்தேன்.

அட்டை தயார் என்று திங்கள் மாலை செய்தி வந்தது. மறுநாள் காலை 8.10க்குச் சீசா வட்டாரத்திலுள்ள எங்கள் வீட்டை விட்டு இறங்கினோம். 9.40க்கு எங்கள் இலக்கம் வந்தது. அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார், பழைய அட்டையை வாங்கினார், ரசீதைக் கேட்டார். அம்மா கைப்பையைத் திறக்கவே இல்லை.

"எங்கை அம்மா ரசீது?"

"மலையிலை."

"மலையிலையோ?"

"சாந்தா ரொசாலியாவிட்டை வைச்சிட்டன்."

இதற்கு விளக்கம் தேவை. எங்கள் ஆட்கள், கத்தோலிக்க வேதக்காரரும் சைவக்காரரும், பெர்மெஸ்ஸோ விண்ணப்ப ரசீதின் பிரதியை பெல்லெக்ரினோ மலைக் குகையில், பலேர்மோவின் காவல் புனிதையான அவரின் காலடியில் வைத்து நேர்த்தி வைப்பது வழக்கம். பிரதியை மட்டும்.

"எல்லாரும் கொப்பிதானே அம்மா வைக்கிறவை?"

"கொப்பி வைச்சாக் கொப்பிதான் கிடைக்கும் எண்டு நினைச்சன் பிள்ளை."

ரசீது இல்லாவிட்டால் தொலைந்ததாக முறைப்பாடு எழுதிக்கொண்டு வேறு நாள் வரச் சொன்னார் அதிகாரி. பாண் கடையில் பேசுவதற்குக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்ப்பவள் நான். அன்று ஒத்திகைக்கு நேரம் இருக்கவில்லை.

"தொலையவில்லை. இருக்கும் இடம் தெரியும். சாந்தா ரொசாலியாவிடம் இருக்கிறது" என்று இத்தாலியனில் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவர் பேனையை வைத்தார். பலேர்மோக்காரர். "அப்படியானால் பத்திரமாகத்தான் இருக்கும், சிக்னோரினா. நான் பகல் ஒரு மணி வரை இருப்பேன்."

பொலித்தியாமா சதுக்கம் வரை நடை, பதினைந்து நிமிடம். அங்கிருந்து 812 பஸ் மலைக்குப் போகும். பயணச்சீட்டு 1.40 யூரோ, தூரம் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். 10.30க்கு ஏறி 11.05க்கு இறங்கினோம். வழியில் கடல் மிக அழகாகத் தெரியும் என்கிறார்கள். நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

குகைத் தரையைச் சிவம் அண்ணை கூட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். ஒரு இத்தாலிய அம்மாளின் வீட்டில் வேலை, செவ்வாய் ஓய்வு நாள், ஓய்வு நாளில் இங்கே தொண்டு.

"பேப்பரெல்லாம் கட்டுக் கட்டாக் கட்டி வைச்சிருக்கிறன்" என்றார். "பெர்மெஸ்ஸோ ஒரு கட்டு, சோதினை ஒரு கட்டு, கலியாணம் ஒரு கட்டு. நீங்கள் எது?"

"பெர்மெஸ்ஸோ."

"அதுதான் பெரிய கட்டு."

ஒன்பது நிமிடம் தேடினோம். அம்மாவின் ரசீது கலியாணக் கட்டுக்குள் கிடந்தது. சிவம் அண்ணை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். "ஒரிஜினலைக் குடுத்த முதல் ஆள் நீங்கள்தான் அக்கா. கொப்பி போதும். அவ என்ன குவெஸ்தூராவோ, ஒரிஜினல் கேக்க?"

11.30 பஸ்ஸில் மலையிறங்கி, மீதித் தூரம் ஓடி, 12.25க்கு அதே கவுண்டரில் நின்றோம். ரசீதில் மெழுகுதிரி சொட்டியிருந்தது. அதிகாரி நகத்தால் சுரண்டி இலக்கத்தைப் படித்து, அம்மாவின் விரலடையாளத்தைச் சரிபார்த்து, அட்டையை நீட்டினார். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், காசுத்தாளைப் பார்ப்பதுபோல.

வியாழன் பிற்பகல், ஆஸ்திரியாவுக்குள் நுழையும் பிரென்னர் எல்லையிலிருந்து அம்மா அழைத்தார். "மறிச்சவங்கள் பிள்ளை. மாண்டரினை ஒருத்தரும் பாக்கேல்லை. என்னைத்தான் முன்னும் பின்னும் திருப்பிப் பாத்தவை. பாக்கட்டுமன்! எல்லாம் சரியாத்தானே கிடக்கு!"

சனிக்கிழமைக்குள் அறுபது பெட்டியும் விற்றுவிட்டது.

எல்லையில் ஆளைப் பார்க்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கதவு வைத்திருக்கும் வீட்டில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள்தான். ஆனால் பழம் போகும் கதவால் அதைப் பொதி செய்த கையும் போய்வர வழி இருந்தால் சந்தைக்கும் லாபம். அறுபது பெட்டியையும் பழமா பேசி விற்றது? என் அடிக்குறிப்பை இனி ஒரு அத்தியாயமாக எழுதுவேன்.

போகிறவர்களுக்கு: ரசீதை நம்பி வேறு ஷெங்கன் நாட்டுக்குப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள், அட்டை கைக்கு வரட்டும். அட்டை எடுக்கும் நாளில் மதியம் வரை வேறு வேலை வைக்காதீர்கள். மலையில் குளிர், மேலாடை வேண்டும். நேர்த்திக்கு நடந்து ஏறுவதென்றால் பழைய கல்பாதை சுமார் நான்கு கிலோமீட்டர். எங்களுக்கு ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது.

ஆம், அதற்கடுத்த வார ஞாயிறு நடந்துதான் ஏறினோம். மியூனிக் வரை போய்த் திரும்பிய ஒரு மாண்டரினை அம்மா புனிதையின் காலடியில் வைத்தார். அதன் கீழே ஒரு தாள், அதில் புது அட்டையின் இரு பக்கமும்.

சிவம் அண்ணை குனிந்து, தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"கொப்பிதான்" என்றார் அம்மா.