இங்கிலாந்து ராணிக்கு ஒரு சீட்டு

சரித்திரத்தில் மோதிக்கொண்ட இரண்டு ராணிகளைப் பற்றிப் பேச்செடுத்து, "நீங்க எந்த ராணி பக்கம்?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பக்கம் எடுக்க இது என்ன சேவல் சண்டையா? ஆனால் பதினான்கு வயதில் எனக்கு ஒரு பக்கம் இருந்தது. கொன்றவள் பக்கம். அதற்காக அன்றும் நான் வெட்கப்படவில்லை, இன்றும் படவில்லை.

பாம்பனில் எங்கள் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியும் எங்கள் சரித்திரப் பாடத்தை வெள்ளைக்கார ராஜா ராணிகள் காலி செய்யவில்லை. தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரி. மதர் என்று கூப்பிடுவோம். இங்கிலாந்து ராணியும் ஸ்காட்லாந்து ராணியும் ஒன்றுவிட்ட உறவுக்காரிகள் என்று மதர் சொன்னார். ஸ்காட்லாந்து ராணி நம்முடைய கத்தோலிக்க வேதம். இங்கிலாந்து ராணி பதித மார்க்கம், அதாவது புரோட்டஸ்டண்டு. நாட்டை இழந்த ஸ்காட்லாந்துக்காரி அடைக்கலம் என்று வந்தாள். இங்கிலாந்துக்காரி அவளை வருஷக்கணக்காக அடைத்து வைத்தாள். கடைசியில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தலையை வெட்டச் செய்தாள். இதைச் சொல்லும்போது மதர் மூக்கை உறிஞ்சுவார். அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு இதையே நாடகமாக்கினார்.

செத்துப்போகும் ராணி வேஷம் ஸ்டேஷன் மாஸ்டர் மகளுக்குப் போனது. அவள் சிவப்பு, வாயைத் திறந்தால் பூனைக் குரல். நான் கறுப்பு, பனைமரம் மாதிரி வளர்த்தி, என் சத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊருக்கே கேட்கும். ஆகவே நான் இங்கிலாந்து ராணி. அட்டையில் கிரீடம் வெட்டி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டித் தந்தார்கள்.

சாயங்காலம் நாடகம் நடந்தது. கடற்கரைப் பெண்கள் அத்தனை பேரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டபோது, "பாவி! நீ வெளங்குவியாடி?" என்று ஒரு குரல் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மகள் கண்ணைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபோது மாரடித்து அழுதார்கள். நாடகம் முடிந்து நான் கிரீடத்தோடு இறங்கி வந்தால், ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வேசம் எங்க கட்டுனா? ஆத்தாளப் பாத்து அப்படியே செஞ்சுட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மா கூட்டத்தின் நடுவில்தான் இருந்தாள். அவள் சிரிக்கவுமில்லை, திரும்பவுமில்லை.

அம்மாவைப் பற்றி ஊர் சொன்னதை நானே சொல்லிவிடுகிறேன். என் அய்யா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே கடலோடு போய்விட்டார். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. தாத்தா செத்ததும் அவருடைய வள்ளத்தையும் வலைகளையும் அம்மா கையில் எடுத்தாள். ஆள் வைத்துக் கடலுக்கு அனுப்பினாள், கரையில் நின்று ஏலம் விட்டாள், ஆண்களை ஏலே என்று அதட்டினாள். மறுகலியாணம் வேண்டாம் என்றாள். அவளுடைய தங்கை, என் சின்னம்மா, அழகி. வீட்டுக்குத் தெரியாமல் ஒருவரைக் கட்டிக்கொண்டு சிலோனுக்குப் போனவள். அங்கே புருஷனும் ஒரே பிள்ளையும் காய்ச்சலில் போய்விட, வெறுங்கையோடு கப்பலேறித் திரும்பி வந்தாள். வந்தவள் தனியாக வரவில்லை. புருஷனின் தம்பியும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் பின்னால் வந்து, வள்ளத்தில் பங்கு கேட்டார்கள்.

அந்த ஆளுக்குப் பங்கு போனால் மூன்று மாதத்தில் வள்ளம் முழுக்கப் போகும், நாங்கள் தெருவில் நிற்போம் என்று அம்மாவுக்குத் தெரியும். "வலைக் கயித்துல கை வச்சா கையிருக்காது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு வெளியே சின்னம்மாவும் நின்றாள். அன்று முதல் வடகரையில் ஓலைக் குடிசை போட்டுக் கருவாடு காயவைத்துப் பிழைத்தாள். கொழுந்தன் பங்கு கிடைக்காது என்று தெரிந்ததும் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு அம்மா கல்நெஞ்சுக்காரி, சின்னம்மா பாவம். அவ்வளவுதான் தீர்ப்பு.

நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டாள். "நீ கட்டுன ராணிக்குக் கூடப்பொறந்தவன் எவனும் இல்லையா?"

"உசிரோட இல்ல."

"புருசன்?"

"கட்டிக்கல."

"அப்ப அவ என்னதான் செய்வா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில்தான் நான் அந்த ராணியின் பக்கம் போனேன்.

நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். செத்தவர்கள் பாவத்தைக் கழித்து மோட்சம் போவதற்கு முன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிறார்கள், நாம் வேண்டிக்கொண்டால் வேதனை குறையும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் செத்தவர்களின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பீடத்தின் அருகே உள்ள பெட்டியில் போடும். பூசையின்போது சாமியார் அவற்றை வாசிப்பார். எங்கள் தெருப் பெண்களுக்கு எழுதத் தெரியாது. மூன்று வருஷமாக அவர்களுக்குச் சீட்டு எழுதித் தந்தவள் நான்.

அந்த வருஷம் ஒருத்தி தன் மாமியார், மாமனார் பெயரையெல்லாம் சொல்லி முடித்து, "அப்புறம் அந்தத் தலை வெட்டுப்பட்ட மகராசி பேரையும் போடு" என்றாள். "எந்த மகராசி?" என்றேன். "அதான்டி, ஸ்டேசன் மாஸ்டர் மக. ஐயோ அவ இல்ல, அந்த ராணி!" அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். ஓலைக் கூரைமேல் மழை தூறிக்கொண்டிருக்க, பத்துப் பதினைந்து சீட்டுகளில் 'ஸ்காட்லாந்து ராணி' என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

கடைசியாகச் சின்னம்மா வந்தாள். நாங்கள் தெருவில் பேசிக்கொள்வோம். அம்மா அதைத் தடுத்ததில்லை. புருஷன் பெயரைச் சொன்னாள். பிள்ளையின் பெயரைச் சொன்னாள். நான் கேட்காமலே ஸ்காட்லாந்து ராணி என்று ஆரம்பித்தேன்.

"அவளப் போடாத. அவளுக்குத்தான் ஊரே போடுதே. மத்தவளப் போடு."

"எவள?"

"நீ கட்டுனியே, அவள. அவளுக்கு ஒருத்தியும் போட மாட்டாளுக. கையெழுத்தப் போட்டுட்டு அன்னைக்கு அவளுக்குச் சோறு எறங்கியிருக்குமா?" பிறகு, நான் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதுபோல விரலை ஆட்டினாள். "அதுக்காக அவ செஞ்சது சரின்னு நான் சொல்லல."

எழுதினேன். எழுத்து மற்றப் பெயர்களைவிடப் பெரிதாக விழுந்தது. சந்தோஷத்தில்தான்.

சாமியார் புதிதாகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். வேகமாக வாசிப்பார். ஸ்காட்லாந்து ராணி பெயர் வந்தபோது குரலை இழைத்து வாசித்தார். முந்தின ஞாயிறுதான் அவள் வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சி என்று பிரசங்கம் வைத்திருந்தார். அதே உற்சாகத்தில் அடுத்த சீட்டையும் வாசித்தார். "இங்கிலாந்து ராணி" என்று பீடத்திலிருந்து கணீரென்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து நின்றுவிட்டார். கோயிலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்தச் சீட்டு இருந்தது.

"எழுதினது நீ என்று தெரியும். எழுதச் சொன்னது யார்?"

 சொன்னால் சின்னம்மா மூன்று ஞாயிறு கோயில் வாசலில் பூசை முடியும்வரை முழங்காலில் நிற்க வேண்டும். அதுதான் எங்கள் ஊரில் தண்டனை. ஏற்கெனவே அவளைப் பாவம் என்று சொல்லிச் சொல்லியே பாதி கொன்றிருந்தார்கள். மீதியையும் கொல்ல நான் கை கொடுப்பேனா?

"சொல்லாவிட்டால் உனக்கு நன்னடத்தைக் காகிதம் கிடையாது."

 மதுரையில் கன்னியர்கள் நடத்திய டிரெய்னிங் பள்ளியில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். சாமியாரின் காகிதம் இல்லாமல் அங்கே வாசலைக்கூட மிதிக்க முடியாது. அது போனால் கருவாடு காயவைக்கும் வாடியில் கூலி வேலைதான், அதற்கப்புறம் யாராவது ஒருவனுக்குக் கழுத்தை நீட்டுவதுதான். நான் வாத்தியாராக வேண்டும் என்று மூன்று வருஷமாகத் தூக்கத்தில்கூட உளறிக்கொண்டிருந்தவள். அப்படியும் சொன்னேன்: "சொல்ல மாட்டேன், சாமி."

அம்மாவை வரச்சொன்னார். அவள் மீன் செதில் ஒட்டிய கையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடி விழும் என்று நினைத்தேன்.

"அந்தச் சீட்டுல உள்ள பேரையெல்லாம் ஒருதரம் வாசிங்க, சாமி."

சாமியார் வாசித்தார். முதலில் சின்னம்மாவின் புருஷன் பெயர். பிறகு அந்தப் பிள்ளையின் பெயர். அம்மா அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததே இல்லை. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததுமில்லை. அம்மா கையில் ஒட்டிய செதிலைச் சேலையில் துடைத்தாள்.

"இது எங்க வீட்டுச் சீட்டு. நான்தான் எழுதச் சொன்னேன்."

"இவர்கள் யார்?"

"என் தங்கச்சி புருசன். இது அவ பிள்ள. எங்க வீட்டுச் சாவு."

"அந்தப் பதித ராணி?"

"சாமி, தலை போனவ வேதசாட்சின்னு நீங்கதான சொன்னீங்க? வேதசாட்சி நேரா மோட்சம் போயிருவா. அங்கன போய்ச் சேந்தவளுக்கு எதுக்குப் பூசை? வேகுறவளுக்குத்தான தண்ணி வேணும்?"

சாமியாரின் காது மடல் சிவந்துவிட்டது. பதிதர்களுக்குப் பகிரங்கமாக வேண்டுவது திருச்சபைச் சட்டத்துக்கு விரோதம் என்றார். மன்னிப்புக் கேள் என்றார்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன். முழங்கால் போடணுமா, போடுறேன். பிள்ளைக்குக் காகிதத்தக் குடுங்க."

வெளியே வந்ததும் என் காதைத் திருகி, "அவட்ட மூச்சு விட்டேன்னு தெரிஞ்சுச்சு, தோல உரிச்சிருவேன்" என்றாள்.

முதல் ஞாயிறு வாசலில், கிளிஞ்சல் நொறுங்கிக் கிடந்த மணலில், அம்மா முழங்காலிட்டாள். தலையைக் குனியவில்லை. உள்ளே போன ஒவ்வொருத்தியின் முகத்தையும் நேராகப் பார்த்தாள். தங்கைக்குச் செய்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று தெருவில் தாங்களாகவே முடிவுகட்டி மகிழ்ந்தார்கள். சின்னம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அம்மாவைக் கடந்து உள்ளே போனபோது அவள் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.  அன்று மத்தியானமே வடகரைக்கு ஓடி, எல்லாவற்றையும் சொன்னேன். தோல் உரிந்தால் உரியட்டும்.

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வள்ளத்துக்காக அதற்குப் பிறகும் பல வருஷம் வாய் ஓயாமல் சண்டை போட்டார்கள். சின்னம்மா கேட்டதில் நியாயம் இருந்தது, அம்மா மறுத்ததிலும் இருந்தது. இதில் யார் நல்லவள் என்று தீர்ப்புச் சொல்ல ஊருக்கு என்ன யோக்கியதை? எனக்கும்தான் என்ன யோக்கியதை?

அடுத்த ஞாயிறு வாடைக்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. முதல் மணி அடிக்குமுன் அம்மாவும் நானும் கோயிலுக்குப் போனோம். அம்மா போன வாரம் முழங்காலிட்ட அதே இடத்தில் சின்னம்மா முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். முக்காடு போட்டிருந்தாள். பின்னால் பெண்கள் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சேலையை வரிந்துகொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"தள்ளுடி" என்றாள்.

சின்னம்மா முழங்காலிலேயே தள்ளி இடம் விட்டாள்.